பெரிடாட் படிகங்கள்: கேள்வியும் பதிலும்

நீலகிரியிலும் பழனி மலையிலும் கனிமங்கள் சேகரிக்கும் அன்பர்களின் கேள்விகளுக்கு, பெரிடாட்டில் தனி ஈடுபாடுள்ள மூத்த உறுப்பினர் ஒருவர் அளித்த பதில்கள்.

கோத்தகிரி ஆசிரியை: ஐயா, பட்டை தீட்டிய பெரிடாட் நகைக்கடையிலேயே கிடைக்கிறது. தீட்டாத படிகத்துக்கு ஏன் இத்தனை மதிப்பு?

நல்ல கேள்வி, அம்மா. ஆலிவின் என்னும் கனிமத்தின் தெளிந்த, மணித்தரமான வகையே பெரிடாட். புவிமேலோட்டுக்குக் கீழேயுள்ள கவசத்தில் ஆலிவின் ஏராளமாக இருந்தாலும், எரிமலைக் குழம்போடு மேலே வரும்போது பெரும்பாலும் ஒழுங்கான முகங்களற்ற பருக்கைகளாகவே வந்து சேர்கிறது. அமெரிக்காவின் அரிசோனாவில் சான் கார்லோஸ் பகுதியில் கிடைப்பவை இத்தகையவை. வழவழப்பான முகங்களும் கூர்முனையும் கொண்ட படிகமாக அது வளர வேண்டுமானால், பாறைப் பிளவில் இடைவெளி அமைய வேண்டும். அந்த வாய்ப்பு உலகில் மிகச் சில இடங்களிலேயே நேர்ந்திருப்பதால், முகங்கள் சிதையாத படிகத்தைப் பட்டை தீட்டக் கொடுப்பதை நான் பேரிழப்பாகவே கருதுகிறேன்.

கொடைக்கானல் அன்பர்: அந்த இடங்கள் எவை?

முதன்மையானது எகிப்துக்கு உரிய, செங்கடலிலுள்ள சபர்காத் தீவு. பண்டைக் காலத்திலேயே அங்கு கல் எடுத்தார்கள். ரோமானிய அறிஞர் பிளினியும் அத்தீவின் பச்சைக்கல்லைக் குறிப்பிடுகிறார். பின்னர் நெடுங்காலம் மறக்கப்பட்டுக் கிடந்த தீவு, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மீண்டும் சுரங்கப் பணி கண்டது. அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்திலுள்ள, 310 காரட்டுக்கு மேற்பட்ட புகழ்பெற்ற பெரிடாட் இத்தீவின் கொடை. 1990களில் பாகிஸ்தானின் கோகிஸ்தான் பகுதியில், 4,000 மீட்டருக்கும் மேலான உயரத்திலுள்ள சப்பாத் என்னும் இடத்திலிருந்து அருமையான படிகங்கள் வரத் தொடங்கின. அவற்றுள் சிலவற்றில் லுட்விகைட்டுக் கனிமம் கரிய ஊசிகளாக உறைந்திருக்கும். நகைக்காரர் குறையென ஒதுக்கும் அந்த ஊசிகளே பிறந்த இடத்தைச் சொல்லும் சான்று என்பதால், சேகரிப்பாளர் அவற்றை விரும்பித் தேடுகிறார்.

குன்னூர் மாணவர்: எங்கள் ஓடையில் பச்சை நிறக் கல் ஒன்று கிடைத்தது. பெரிடாட்டாக இருக்குமா?

இருக்க வாய்ப்பு மிகக் குறைவு, தம்பி. நீலகிரியின் பெரும்பகுதி சார்னோக்கைட்டுப் பாறையால் ஆனது. அதில் குவார்ட்சு என்னும் படிகக்கல் கனிமம் உண்டு. மக்னீசியம் மிகுந்த ஆலிவினும் குவார்ட்சும் ஒன்றோடொன்று வினைபுரிந்து பைராக்சீன் என்னும் வேறு கனிமமாக மாறிவிடுவதால், இவ்விரண்டும் ஒரே பாறையில் சேர்ந்து நிலைப்பதில்லை. தேய்ந்த பாட்டில் கண்ணாடியாகவும் இருக்கலாம். லென்சில் பார்த்து, உள்ளே உருண்டைக் குமிழிகள் தெரிகின்றனவா என்று கவனியுங்கள். தெளிவான பெரிடாட்டின் ஊடே எதிர்ப்பக்க விளிம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தால், கோடு இரட்டையாகத் தெரியும். கண்ணாடியில் அவ்வாறு தெரியாது. ஆலிவின் உள்ள பாறையை நேரில் காண விரும்பினால், சேலத்தின் மாக்னசைட் சுரங்கப் பகுதியிலுள்ள, பெரும்பாலும் ஆலிவினால் ஆன டியூனைட்டுப் பாறையைப் பாருங்கள். அது மணித்தரமன்று, ஆயினும் கற்பதற்கு ஏற்றது.

உதகை அன்பர்: படிகத்தின் துருக்கறையை அமிலத்தால் நீக்கலாமா?

வேண்டாம். ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஆலிவினையே அரித்துவிடும். வெதுவெதுப்பான நீர், மிதமான சோப்பு, மென்மையான தூரிகை ஆகியவை போதும். அதற்கும் போகாத கறையை அப்படியே விட்டுவிடுங்கள்.