மெட்டு அடியில் ஓடுகிறது

கேள்வி: இளையராஜா பாடல்களிலேயே ஊறிய காது என்னுடையது. ஜாஸ் ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' (1959) தன் ரசனையையே புரட்டிப்போட்ட ஆல்பம் என்று நண்பர் சொன்னார். செல்போனில் மூன்று முறை கேட்டும், ஹோட்டல் வரவேற்பறையில் ஓடும் இசை போலத்தான் படுகிறது. என் காது சரியில்லையா?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: காது சரியாகத்தான் இருக்கிறது. செல்போன் ஸ்பீக்கரை விட்டுவிட்டு நல்ல இயர்போனில் கேளுங்கள். முதல் பாட்டான 'ஸோ வாட்'டில் மெட்டை வாசிப்பது பால் சேம்பர்ஸின் டபுள் பாஸ், கீழ்ச்சுருதியில் ஒலிக்கும் பெரிய தந்திவாத்தியம். ட்ரம்பெட்டும் சாக்ஸபோன்களும் அதற்குச் சின்னதாகப் பதில் சொல்கின்றன, அவ்வளவுதான். டபுள் பாஸின் அடித்தந்தி 41 ஹெர்ட்ஸ். அந்தக் கீழ்ப்பகுதியைச் செல்போன் பெரும்பாலும் விழுங்கிவிடும். மெட்டு போய்ப் பதில் மட்டும் கேட்டால் மனம் எதைப் பிடித்துக்கொள்ளும்?

இப்போதைக்கு முழு ஆல்பம் வேண்டாம், இந்த ஒன்பது நிமிடம் போதும். சுருதிப்பெட்டி ஆப்பில் 2 கட்டை வையுங்கள். பாட்டு நடப்பது கரகரப்பிரியாவின் ஏழு ஸ்வரங்களில். மேற்கில் இதற்கு டோரியன் என்று பெயர். முதல் 16 பார் (ஒரு பார் என்பது நாலு அடி) 2 கட்டையில், அடுத்த 8 பார் இரண்டரைக் கட்டையில், கடைசி 8 பார் மறுபடியும் 2 கட்டையில். இந்த 32 பாரும் சேர்ந்தது ஒரு சுற்று. ஒரு சுற்று ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. கமகத்தையும் ராக பாவத்தையும் தேடாதீர்கள், ஏமாந்துபோவீர்கள். இரண்டுக்கும் பொதுவானது ஸ்வரவரிசை மட்டும்தான்.

தொடக்கத்தில் பியானோவும் பாஸும் தாளக்கட்டில்லாமல் அரை நிமிடம் போல உலாவும். அங்கே எண்ண வேண்டாம். பாஸ் மெட்டை எடுத்ததும் தொடங்குங்கள். ஒன்றரை நிமிடத்தில் சிம்பல் ஓங்கி ஒலிக்கும், மைல்ஸ் நுழைவார். அவருக்கு இரண்டு சுற்று, சாக்ஸபோனில் ஜான் கோல்ட்ரேனுக்கு இரண்டு, இன்னொரு சாக்ஸபோனில் கேனன்பால் ஆடர்லிக்கு இரண்டு, பியானோவில் பில் எவான்ஸுக்கு ஒன்று.

கணக்கு தவறும் இடம் ஒன்று உண்டு. ஒரு சுற்றின் கடைசி 8 பாரும் அடுத்த சுற்றின் முதல் 16 பாரும் ஒரே சுருதி. ஆக, 24 பார் எதுவுமே மாறாதது போல ஓடும். அங்கே சோலோ வாசிப்பவரைப் பின்தொடராமல் பாஸையும் பியானோவையும் பிடித்துக்கொள்ளுங்கள். சுருதி அரைக் கட்டை ஏறுவது அவர்களிடம்தான் தெளிவாகத் தெரியும். அந்த ஏற்றத்தை எண்ணாமலே உடம்பு எதிர்பார்க்கத் தொடங்கியதும், மைல்ஸ் விடும் மௌனங்கள் எவ்வளவு துணிச்சலானவை என்று உங்களுக்கே புரியும். அதுவரை அவை வெறும் இடைவெளிதான்.

சுருதிப்பெட்டியோடு சேராமல் கொஞ்சம் ஏறி ஒலித்தால் உங்கள் பிரதி பழைய பதிப்பு. முதல் பக்கத்தின் மூன்று பாட்டுகளையும் பதிந்த டேப் இயந்திரம் மெதுவாக ஓடிவிட்டதால், சரியான வேகத்தில் ஓடவிட்டு எடுத்த இசைத்தட்டில் அவை வேகமாகவும் சுருதி ஏறியும் ஒலித்தன. 1990களில் வந்த மறுபதிப்புகளில் திருத்தினார்கள், அதை வாங்குங்கள்.

அடுத்து அதே ஆல்பத்தின் 'ஆல் ப்ளூஸ்'. அதன் பிறகு எந்தப் பக்கம் போவது என்பதை, 'ஸோ வாட்'டில் யாருடைய சுற்றுக்காகக் காத்திருந்தீர்கள் என்பதே சொல்லும். கோல்ட்ரேன் என்றால் 1964 டிசம்பரில் பதிவான 'எ லவ் சுப்ரீம்'. ஆடர்லி என்றால் மைல்ஸும் உடன் வாசித்த 'சம்திங் எல்ஸ்' (1958). எவான்ஸ் என்றால் 'போர்ட்ரெய்ட் இன் ஜாஸ்'. அதில் மூன்றே பேர் என்பதால், பாஸைத் தேடவே வேண்டியிருக்காது.