ஒல்லிக் கைக்கு எந்த ஜிபிஎஸ் வாட்ச்?

வணக்கம் சிஸ்டர். கோலாலம்பூர் கேஎல்சிசி பூங்காவில் மெதுவா ஓடினாலும் வாட்ச் திடீர்னு கிலோமீட்டருக்கு 4 நிமிஷம்னு காட்டுது, கை மெலிசு, பெரிய வாட்ச் வேண்டாம்னு எழுதியிருக்கீங்க. வாட்ச் கெட்டுப் போயிருக்காது. சுத்தி நிக்கிற கட்டடங்கள்ல பட்டுத் தெறிச்சு வர்ற செயற்கைக்கோள் சிக்னல்தான் அதைக் குழப்பும். என் பழைய வாட்ச் ஒருநாள் என்னைக் குளத்துக்கு நடுவுல ஓடவிட்டுச்சு!

அதனால செயற்கைக்கோள் அனுப்புற எல்1, எல்5 ரெண்டு அலைவரிசையும் பிடிக்குமான்னு பாருங்க, ரெண்டும் இருந்தா தெறிச்சு வர்ற சிக்னலை வாட்ச் ஓரளவு ஒதுக்கிடும். கோரோஸ் பேஸ் 3 வாட்ச் ரெண்டையும் பிடிக்கும். நைலான் பட்டையோட 30 கிராம்தான். வேர்வையில ஊறும், ஆனா எவ்வளவு மெலிசான கைக்கும் இறுக்கிக்கலாம். என் ஓட்டு இதுக்குத்தான். கார்மின் ஃபோர்ரன்னர் 265எஸ் கூட சின்னது, ரெண்டு அலைவரிசையும் உண்டு, விலைதான் கடிக்கும். ஃபோர்ரன்னர் 55 ஒரே அலைவரிசை. திறந்தவெளியா இருக்கிற தித்திவங்சா ஏரியைச் சுத்தி மட்டும் ஓடுறதா இருந்தா அதுவே போதும்.

புதுசு வாங்குற வரைக்கும், கேஎல்சிசி தடம் ஒரு சுத்து 1.3 கிலோமீட்டர், சுத்துக்கு ஒருதரம் லேப் பட்டனை அமுக்கி நேரத்தைப் பாருங்க. திரையில ஓடுற வேகத்தைக் கண்டுக்காதீங்க.