குயின் ஸ்திரீட்டில் குடியேறலாமா?

வணக்கம். பினாங்கு லிட்டில் இந்தியாவில், குயின் ஸ்திரீட் பழைய கடைவீடு ஒன்றின் மாடியை வாடகைக்கு எடுக்க நினைப்பதாகவும், மாமா அதைக் குடும்பத்துக்கு ஆகாத இடம் என்பதாகவும், தோழி அதைவிட நல்ல இடம் இல்லை என்பதாகவும் எழுதியிருந்தீர்கள். இருவரும் வெவ்வேறு காலத்துத் தெருவைச் சொல்கிறார்கள் என்றே எனக்குப் படுகிறது.

பழைய வீடுகளின் வாடகையை உயர்த்தவிடாத வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2000ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் முற்றாக நீங்கியதும், குறைந்த வாடகையில் தலைமுறைகளாக இருந்த குடும்பங்கள் பல வெளியேற, மாடிகள் இருண்டு கிடந்தன. மாமாவின் நினைவில் நிற்பது அந்தக் காலமாக இருக்கலாம். இந்தத் தெரு இருக்கும் ஜார்ஜ்டவுன் நகரம் 2008இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறிய பிறகு வந்த தங்கும் விடுதிகளையும் கூட்டத்தையுமே தோழி பார்க்கிறார். இன்னமும் அங்கே வாழ்பவர்களைக் கேட்டால், அழகு வந்தது, அக்கம்பக்கம் போயிற்று என்பார்கள்; அந்தக் குறையில் நியாயம் இருக்கிறது.

எனக்கு இருக்கும் கவலை வேறு. அந்தச் சுவர்கள் சுண்ணாம்புச் சாந்தால் ஆனவை; மேலே சிமெண்ட் பூசியிருந்தால் ஈரம் வெளியேறாமல் உள்ளேயே தங்கும். கீழ்த்தளச் சுவரின் அடியில் கைவைத்துப் பாருங்கள். வெள்ளையாக உப்புப் பூத்து உதிர்ந்தால், முன்பணம் கொடுக்கும் முன்பே வீட்டுக்காரரிடம் பேசிவிடுங்கள். பிறகு, கடைகளின் ஒலிபெருக்கிகள் அடங்கிய பின், ஒரு வார நாள் இரவு பத்து மணிக்கு மாமாவையே அழைத்துக்கொண்டு மாரியம்மன் கோவில் வரை நடந்து பாருங்கள்.