கத்தோலிக்கத் திருச்சபையில் மாறுவது எது, மாறாதது எது? – கேள்வி பதில்

வந்திருக்கும் கேள்விகள் வெவ்வேறாகத் தெரிந்தாலும், பாதிக் குழப்பம் ஒரே இடத்தில்தான் தொடங்குகிறது. காலத்துக்கேற்ப மாற்றக்கூடிய ஒழுங்கையும் மாற்ற முடியாத விசுவாச சத்தியத்தையும் நாம் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம்.

கேள்வி: திருத்தந்தை சொல்வதில் தவறே வராது என்று நம்ப வேண்டுமா? பேட்டிகளில் சொல்வதுகூடவா?

இல்லை. ஆயர்கள் கூடிய முதலாம் வத்திக்கான் பொதுச்சங்கம் 1870-இல் வரையறுத்த வழுவா வரத்தின், அதாவது போதிப்பதில் தவறாத வரத்தின், எல்லை மிகக் குறுகியது. விசுவாசமோ ஒழுக்கமோ சார்ந்த ஒரு போதனையை, திருச்சபை முழுவதும் ஏற்க வேண்டியது என்று, பேதுருவின் வழிவந்தவருக்குரிய அதிகாரத்தோடு அறுதியிட்டு அறிவித்தால்தான் அது பொருந்தும். அதன்பின் அப்படி ஒரு சத்தியம் அறிவிக்கப்பட்டது 1950-இல்: அன்னை மரியா உடலோடும் ஆன்மாவோடும் விண்ணகத்துக்கு எடுத்துக்கொள்ளப்பட்டார் என்ற விண்ணேற்பு. அறிவித்தவர் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ். பேட்டியில் சொல்வதை மரியாதையோடு கேளுங்கள், போதும்.

கேள்வி: மகள் பள்ளியில் பரிணாமம் படிக்கிறாள், மறைக்கல்வியில் படைப்பு. எதை நம்பச் சொல்வது?

இரண்டையும் படிக்கட்டும். மனித உடலின் தோற்றத்தைப் பரிணாம வழியில் ஆராயத் தடையில்லை என்று அதே பயஸ் 1950-லேயே சொல்லிவிட்டார். ஆன்மாவைக் கடவுளே நேரடியாகப் படைக்கிறார் என்பதை மட்டும் விட்டுவிடக் கூடாது. பெருவெடிப்புக் கோட்பாட்டுக்கு வித்திட்ட ஜார்ஜ் லெமைத்ர் ஒரு கத்தோலிக்கக் குரு என்பதையும் மகளிடம் சொல்லுங்கள்.

கேள்வி: அப்பாவின் விருப்பப்படி அவரைத் தகனம் செய்தோம். பாவம் என்கிறார்கள் உறவினர்கள். சாம்பல் வீட்டில்தான் இருக்கிறது.

பாவம் இல்லை, மனதை வருத்திக்கொள்ளாதீர்கள். 1963 முதல் தகனத்துக்கு அனுமதி உண்டு. முன்பு தடுத்ததற்குக் காரணம், உயிர்ப்பை மறுப்பதற்கென்றே சிலர் அதைக் கையிலெடுத்ததுதான். அந்த நோக்கம் இல்லாதவரைத் தடுக்க வேண்டியதில்லை. உடல் மண்ணில் மட்கினாலும் நெருப்பில் எரிந்தாலும் உயிர்ப்பிக்கக் கடவுளுக்கு இயலும். ஆனால் அடக்கம் செய்வதையே திருச்சபை இன்றும் பெரிதும் விரும்புகிறது. சாம்பலைக் கல்லறையிலோ அதற்கென ஒதுக்கிய புனித இடத்திலோ வையுங்கள், தூவிவிட வேண்டாம். 2016-இல் வந்த வழிகாட்டுதல் இதைத் தெளிவாகச் சொல்கிறது.

கேள்வி: அக்கா மணமுறிவு பெற்றுத் தனியே வாழ்கிறார். நற்கருணை வாங்கக் கூடாது என்று யாரோ சொன்னதிலிருந்து திருப்பலிக்கே வருவதில்லை.

இதைப் படிக்கவே வேதனையாக இருக்கிறது. அரசுச் சட்டப்படி மணமுறிவு பெற்றது மட்டுமே ஒருவரை நற்கருணையிலிருந்து விலக்காது. சட்ட உரிமைகளுக்காகவோ பிள்ளைகளின் பராமரிப்புக்காகவோ வேறு வழியே இல்லாதபோது அப்படிப் பெறுவது தவறில்லை என்று கத்தோலிக்க மறைக்கல்வி நூலே சொல்கிறது. அக்காவிடம் இதை இன்றே சொல்லுங்கள். அவர் ஒரு வாரம்கூட விலகியிருந்திருக்க வேண்டியதில்லை.

முதல் திருமணம் திருச்சபையின் பார்வையில் நிலைத்திருக்கும்போதே மறுமணம் செய்தால்தான் சிக்கல். அப்படி எண்ணம் இருந்தால் முதலில் பங்குத்தந்தையைப் பார்க்கட்டும். மறைமாவட்டத் தீர்ப்பாயம் முக்கியமாக விசாரிப்பது இதை: திருமண நாளன்று உண்மையான, சுதந்திரமான சம்மதம் இருந்ததா? கட்டாயமோ முக்கியமான ஒன்றைப் பற்றிய ஏமாற்றோ நிரூபிக்கப்பட்டால், அந்தத் திருமணம் தொடக்கத்திலிருந்தே செல்லாது என்று அறிவிக்கலாம். செல்லுபடியான திருமணத்தை அது உடைப்பதில்லை. பிள்ளைகளின் நிலைக்கும் குறை வராது. இரண்டாம் தீர்ப்பாயம் உறுதிசெய்ய வேண்டும் என்ற கட்டாயத்தைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் நீக்கினார். நடைமுறைதான் எளிதானது, திருமணம் முறிக்க முடியாதது என்ற போதனை அப்படியே இருக்கிறது.

கேள்வி: குருக்களுக்குத் திருமணம் அனுமதிக்கப்படுமா?

மணமுடிக்காமல் வாழும் மணத்துறவு, கத்தோலிக்கரில் பெரும்பாலோர் சார்ந்த இலத்தீன் வழிபாட்டு முறையின் ஒழுங்கு. மாற்ற முடியாத சத்தியம் இல்லை. திருத்தந்தையோடு ஒன்றித்து, தங்களுக்கென வழிபாட்டு முறை கொண்ட கீழைக் கத்தோலிக்கத் திருச்சபைகள் பலவற்றில் மணமானவர்கள் இன்றும் குருக்களாகிறார்கள். குருவான பிறகு மணமுடிப்பது மட்டும் அங்கும் இல்லை.

கேள்வி: வீடியோ அழைப்பில் பாவசங்கீர்த்தனம் செய்யலாமா?

முடியாது. பாவசங்கீர்த்தனம் என்ற அருளடையாளத்துக்கு நீங்களும் குருவும் நேரில் இருக்க வேண்டும். ஆலோசனை கேட்க வேண்டுமானால் தாராளமாக அழையுங்கள்.