வெள்ளம் வடிந்ததும் கடப்பாரையை எடுக்காதீர்கள்

மழைக்காலம் முடிந்தால் பழைய பொருள்களையும் கட்டடங்களையும் காப்பது பற்றி எனக்குக் கடிதங்கள் குவியும். இந்த முறை நான்கு.

கே: தாத்தா காலத்துப் பத்திரங்கள் பெட்டியோடு நனைந்துவிட்டன. வெயிலில் போடலாமா?

வேண்டாம், தாள் சுருண்டு முறுகிவிடும். ஒட்டிக்கொண்ட பக்கங்களைப் பிரிக்கவும் பார்க்காதீர்கள். இரண்டு நாளில் பூஞ்சணம் பிடிக்கும். ஒன்றிரண்டு தாள்தான் என்றால் நிழலில், அச்சில்லாத வெள்ளைத் தாள் விரித்து உலர்த்துங்கள். கட்டுக்கட்டாக இருந்தால் பிளாஸ்டிக் பையில் சுற்றி ஃப்ரீசரில் வையுங்கள். சிரிக்காதீர்கள்; உறைந்த தாளில் பூஞ்சணம் வளராது. விஷயம் தெரிந்த ஆளைத் தேடிப் பிடிக்க அவகாசம் கிடைக்கும்.

கே: ஊர்க் கோயிலின் பழைய மதிலில் விரிசல். சிமெண்ட் பூசிவிடலாம் என்கிறார் கொத்தனார்.

அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவையுங்கள். சுண்ணாம்புச் சாந்துச் சுவர் ஈரத்தை வெளியே விடும். மேலே சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, செங்கல் மாவாக உதிரும். முதலில் விரிசலின் இரு முனையிலும் பென்சிலால் கோடு கிழித்துத் தேதி போடுங்கள். வாராவாரம் பாருங்கள். விரிசல் கோட்டைத் தாண்டினால் பூச்சு வேலையை மறந்துவிட்டுப் பொறியாளரைக் கூப்பிடுங்கள். நின்றுவிட்டதா, சரி, சுவர் நன்றாகக் காய்ந்த பிறகு சுண்ணாம்பு.

கே: இடிந்ததைத் திரும்பக் கட்டினால் அது பழைய கட்டடமாகுமா?

விழுந்ததை என்ன செய்தீர்கள் என்பதைப் பொறுத்தது. 2015 ஏப்ரல் 25 நிலநடுக்கத்தில் காத்மாண்டுவின் பழைய மர மண்டபமான காஷ்டமண்டபம் அப்படியே சரிந்தது. மீட்பு அவசரத்தில் புல்டோசர் இடிபாட்டோடு செதுக்கு மரங்களையும் அள்ளியது. பக்கத்து லலித்பூரிலோ மக்கள் வரிசையாக நின்று, மரத்துண்டுகளைக் கைமாற்றி அரண்மனை அருங்காட்சியக வளாகத்தில் அடுக்கினார்கள். பின்னால் அங்கே கோயில்களை எழுப்ப அவைதான் கைகொடுத்தன.

காஷ்டமண்டபத்திலும் ஒரு நல்லது நடந்தது. அடித்தளத்தைத் தோண்டிப் பார்த்தார்கள். 12ஆம் நூற்றாண்டு என்று நம்பியிருந்தது 7ஆம் நூற்றாண்டுக்குப் போனது. அடித்தளம் உறுதியாகவே இருந்தது. கோளாறு மேலே: நான்கு பெருந்தூண்களில் ஒன்று, 20ஆம் நூற்றாண்டில் செய்த பழுதுபார்ப்புக்குப் பிறகு, அடிக்கல்லில் சரியாகப் பொருந்தாமலே நின்றிருக்கிறது! அப்புறம் மரத்திலேயே திரும்ப எழுப்பினார்கள். என் கணக்கில் அது பழையதுதான்.

கே: 2004 சுனாமியில் மாமல்லபுரம் கடற்கரைக் கோயில் எப்படித் தப்பியது?

கடலோரம் முன்பே கொட்டியிருந்த பாறாங்கற்கள் அலையின் வேகத்தைக் குறைத்தன. பக்கத்துச் சாளுவன்குப்பத்தில் அலை மணலை அரித்ததில் கல்வெட்டுப் பாறை ஒன்று வெளியே தெரிந்தது. அதைப் பிடித்துக்கொண்டு தோண்டியபோது மண்ணுக்குள் கிடைத்தது பழைய செங்கல் முருகன் கோயில்.