1812 போரில் அமெரிக்கா எதையும் வெல்லவில்லை என்றால், அந்தப் போர் அமெரிக்கத் தேசியவாதத்தை வளர்த்தது எப்படி?

கேள்வியில் உள்ள முரண் உண்மையானதுதான். 1814 டிசம்பர் 24 அன்று அமெரிக்காவும் பிரிட்டனும் இன்றைய பெல்ஜியத்தில் உள்ள கெண்ட் நகரில் கையெழுத்திட்ட உடன்படிக்கை, இரு தரப்பும் பிடித்த நிலங்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போருக்கு முந்தைய எல்லைகளுக்கே திரும்ப வேண்டும் என்றது. அமெரிக்கக் கப்பல்களில் இருந்த மாலுமிகளைப் பிரிட்டிஷ் கடற்படை வலுக்கட்டாயமாகப் பிடித்துச் சென்றதை முதன்மைக் காரணங்களுள் ஒன்றாகக் காட்டித்தான் அமெரிக்கா போரில் இறங்கியது. அதைப் பற்றி உடன்படிக்கையில் ஒரு சொல்கூட இல்லை. என் கருத்தில், தேசிய உணர்வை வளர்த்தது போர்க்களம் அன்று. போர் முடிந்த விதமும், செய்திகள் வந்து சேர்ந்த வரிசையும், அவற்றை எந்த அரசியல்வாதிகள் தங்கள் கணக்கில் எழுதிக்கொண்டார்கள் என்பதுமே வளர்த்தன.

போர் நடந்துகொண்டிருந்த காலத்தில் அது நாட்டை ஒன்றுபடுத்தவில்லை, பிளந்தது. 1812 ஜூன் மாதம் போர்ப் பிரகடனம் பிரதிநிதிகள் சபையில் 79க்கு 49, செனட்டில் 19க்கு 13 என்ற வாக்குகளில்தான் நிறைவேறியது. வலுவான மத்திய அரசையும் தேசிய வங்கியையும் விரும்பிய எதிர்க்கட்சியான பெடரலிஸ்ட் கட்சியினர் ஒருவர்கூட ஆதரவாக வாக்களிக்கவில்லை. கடல் வணிகத்தை நம்பி வாழ்ந்த நியூ இங்கிலாந்துப் பகுதியின் ஆளுநர்கள் சிலர் தங்கள் மாநிலக் குடிப்படையை மத்திய அரசின் கட்டளைக்கு உட்படுத்த மறுத்தனர். எல்லையோர விவசாயிகள் பலர் கனடாவில் இருந்த பிரிட்டிஷ் படைக்கே மாட்டிறைச்சி விற்றனர். கனடாவைக் கைப்பற்றுவது எளிது என்று ஹென்றி கிளே போன்ற இளம் போர் ஆதரவாளர்கள் நம்பியிருந்தார்கள். ஆனால் 1812 ஆகஸ்டில் அமெரிக்காவின் டெட்ராய்ட் கோட்டையே எதிரியிடம் சரணடைந்தது, அக்டோபரில் நியூயார்க் குடிப்படையினர் பலர் கனடா எல்லையைத் தாண்ட மறுத்து ஆற்றின் இக்கரையிலேயே நின்றுவிட்டனர். 1814 ஆகஸ்ட் 24 அன்று வாஷிங்டன் நகரின் அரசுக் கட்டடங்கள் பிரிட்டிஷ் படை வைத்த தீயில் எரிந்தன. அரசின் கடன் போருக்கு முன் இருந்த சுமார் 4.5 கோடி டாலரிலிருந்து 12 கோடிக்கும் மேலாக உயர்ந்தது.

இந்த நிலையில்தான் பெடரலிஸ்ட் கட்சியினர் 1814 டிசம்பர் 15 முதல் 1815 ஜனவரி 5 வரை ஹார்ட்ஃபோர்டு நகரில் மூடிய கதவுகளுக்குப் பின்னால் கூடினார்கள். ஒன்றியத்திலிருந்து பிரிந்து போக வேண்டும் என்று அந்த மாநாடு தீர்மானிக்கவில்லை; மிதவாதிகளின் கைதான் அதில் ஓங்கியிருந்தது. போர் அறிவிக்கவும் புதிய மாநிலங்களைச் சேர்க்கவும் மூன்றில் இரு பங்கு வாக்கு தேவை, அடிமைகளைக் கணக்கில் சேர்த்துத் தென்மாநிலங்களுக்குக் கூடுதல் பிரதிநிதித்துவம் தரும் முறை நீங்க வேண்டும், ஒருவர் ஒருமுறை மட்டுமே குடியரசுத் தலைவராக இருக்கலாம் என்பன போன்ற அரசியல் சாசனத் திருத்தங்களையே அது கேட்டது. ஆனால் அவர்களுடைய தூதர்கள் கோரிக்கைகளோடு வாஷிங்டன் சென்று சேர்ந்த வேளை மிகவும் மோசமாக அமைந்துவிட்டது. ஜனவரி 8 அன்று நியூ ஆர்லியன்ஸில் அமெரிக்கத் தளபதி ஆண்ட்ரூ ஜாக்சனின் படை பிரிட்டிஷாரை நொறுக்கிய செய்தி பிப்ரவரித் தொடக்கத்தில் தலைநகருக்கு எட்டியது. அந்தப் போரில் பிரிட்டிஷ் தரப்பில் கொல்லப்பட்டோர், காயமடைந்தோர், பிடிபட்டோர் சேர்ந்து சுமார் 2,000 பேர். அமெரிக்க இழப்பு நூற்றுக்கும் குறைவு. அடுத்த சில நாட்களிலேயே சமாதானச் செய்தி வந்தது, பிப்ரவரி 16 அன்று செனட் உடன்படிக்கையை ஒருமனதாக ஏற்றது.

உண்மையில் உடன்படிக்கை முதலில் கையெழுத்தாகி, பெரும் வெற்றி அதன் பிறகே கிடைத்தது. (செனட்டின் ஒப்புதல் வரும்வரை போர் சட்டப்படி முடியவில்லை என்பதால், அந்த வெற்றியை வெறும் வீண் என்று சொல்லிவிடவும் முடியாது.) மக்கள் காதுக்கோ முதலில் வெற்றியும் பிறகு சமாதானமும் வந்தன, எனவே வென்றதால்தான் சமாதானம் கிடைத்தது என்ற எண்ணம் வேரூன்றியது. இந்த வரிசையில் ஹார்ட்ஃபோர்டு தூதர்கள் கேலிப்பொருளானார்கள், அவர்கள் கட்சியின் மீது துரோகப் பழி விழுந்தது. 1816 குடியரசுத் தலைவர் தேர்தலில் ஆளுங்கட்சியின் ஜேம்ஸ் மன்றோ 183 தேர்வாளர் வாக்குகளும் பெடரலிஸ்ட் வேட்பாளர் ரூஃபஸ் கிங் 34 வாக்குகளும் பெற்றனர். 1820இல் மன்றோவை எதிர்க்கக்கூட எவரும் இல்லை. இந்த ஆண்டுகளைப் பாஸ்டன் இதழ் ஒன்று ‘நல்லுணர்வுகளின் காலம்’ என்று அழைத்தது, பாடநூல்களிலும் அப்பெயரே நிலைத்துவிட்டது. எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. அது கருத்தொற்றுமை என்பதைவிட எதிர்க்கட்சி இல்லாமை. போரை எதிர்ப்பவனும் நாட்டுப்பற்றுள்ளவனாக இருக்கலாம் என்பதை அன்றைய அரசியல் ஏற்கவில்லை.

உணர்வு வளர்ந்தது என்பதை நான் மறுக்கவில்லை. கெண்டில் பேச்சுவார்த்தை நடத்தியவர்களுள் ஒருவரான ஆல்பர்ட் கல்லட்டின், புரட்சிக் காலத்துத் தேசிய உணர்வு நாளுக்கு நாள் மங்கி வந்ததையும், போர் அதை மீட்டெடுத்து மக்களை முன்பைவிட அமெரிக்கர்களாக ஆக்கியதையும் 1816இல் ஒரு கடிதத்தில் எழுதினார். பால்டிமோரின் மக்ஹென்றி கோட்டை மீது பிரிட்டிஷார் நடத்திய குண்டுவீச்சைக் கண்டு பிரான்சிஸ் ஸ்காட் கீ எழுதிய பாடல் 1931இல் நாட்டுப்பண் ஆனது. எதிரியை எதிர்த்து நின்றதைப் பாடும் அந்தப் பாட்டின் மெட்டு இங்கிலாந்துக்காரர்களுடையது என்பது வேடிக்கை.

ஆனால் இதைவிட முக்கியமான மாற்றம் ஆட்சிமுறையில் நிகழ்ந்தது. வலுவான மத்திய அரசை அஞ்சிய ஜெஃபர்சன் வழிவந்த குடியரசுக் கட்சியினர் (இன்றைய குடியரசுக் கட்சி வேறு), தேசிய வங்கியின் உரிமத்தை 1811இல் காலாவதியாக விட்டிருந்தனர்; போரின் நடுவே கடன் திரட்ட வழியின்றித் திணறிய பிறகு, 1816இல் அவர்களே இரண்டாவது தேசிய வங்கியை உருவாக்கினர். 1791இல் முதல் வங்கி சாசனத்துக்கு முரணானது என்று வாதாடிய ஜேம்ஸ் மேடிசன்தான் இப்போது குடியரசுத் தலைவராகக் கையெழுத்திட்டார். அதே ஆண்டு உள்நாட்டுத் தொழிலைக் காக்கும் இறக்குமதி வரியும் வந்தது. தோற்ற பெடரலிஸ்ட் கட்சியின் திட்டத்தை வென்ற கட்சி எடுத்துக்கொண்டது என்றே சொல்லலாம். ஆயினும் சாலைகளுக்கும் கால்வாய்களுக்கும் நிதி ஒதுக்கும் மசோதாவை, சாசனம் அதற்கு அதிகாரம் தரவில்லை என்று கூறி, பதவியின் கடைசி நாட்களில் மேடிசன் நிராகரித்துவிட்டார்.

இந்தத் தேசியவாதத்தின் விலையைக் கொடுத்தவர்கள் பூர்வகுடியினர். அவர்களை ஒரு கூட்டணியாகத் திரட்டிய டெக்கும்சே 1813இல் களத்தில் விழுந்தார். பூர்வகுடியினருக்குத் தனி நிலப்பகுதி வேண்டும் என்று கெண்டில் கேட்ட பிரிட்டன், பிறகு அதைக் கைவிட்டது. 1811இல் அவர்களிடம் இருந்த உடைமைகளைத் திருப்பித் தருவதாகச் சொன்ன உடன்படிக்கைப் பிரிவு செயலுக்கு வரவில்லை. 1814இல் ஜாக்சன் கிரீக் என்ற பூர்வகுடி மக்களிடமிருந்து, தன் பக்கம் நின்று போரிட்ட கிரீக்குகளின் நிலத்தையும் சேர்த்து, சுமார் 2.3 கோடி ஏக்கர் பறித்தார். அந்த நிலம் பருத்திக்கும் அடிமைமுறைக்கும் திறந்துவிடப்பட்டது, அதன் பெரும்பகுதி 1819இல் உருவான அலபாமா மாநிலத்தில் அடங்கியது. புதிய மாநிலங்களில் அடிமைமுறை இருக்கலாமா என்ற மிசௌரித் தகராறும் அதே ஆண்டில் வெடித்தது. ஒற்றுமைக் காலம் எனப்பட்ட ஆண்டுகளே வடக்கு தெற்குப் பிளவையும் ஊட்டி வளர்த்தன.

போரின் நினைவு அரசியல் வாழ்வுகளை உருவாக்கியதும் தெளிவு. டெக்கும்சேயைக் கொன்றவர் என்று புகழப்பட்ட ரிச்சர்ட் ஜான்சன் 1837இல் துணைக் குடியரசுத் தலைவரானார், அந்தக் களத்தின் தளபதி வில்லியம் ஹென்றி ஹாரிசன் 1840 தேர்தலில் வென்றார், ஜாக்சனோ 1828லேயே வென்றுவிட்டார். 1814இல் கட்டாய இராணுவச் சேர்க்கையை எதிர்த்து, மாநிலங்கள் குறுக்கே நின்று குடிமக்களைக் காக்க வேண்டும் என்று பேசிய டேனியல் வெப்ஸ்டர், 1830இல் ஒன்றியத்துக்காக வாதாடும் மிகப்பெரிய குரலாக எழுந்தார். 1816இல் வங்கிக்கும் பாதுகாப்பு வரிக்கும் ஆதரவாகப் பேசிய ஜான் கால்ஹூன், 1828இல் மத்திய வரிச் சட்டத்தை மாநிலங்கள் செல்லாததாக்கலாம் என்ற வாதத்தைப் பெயர் போடாமல் எழுதினார். 1832இல் தென் கரோலினா அதைச் செயல்படுத்த முயன்றபோது, படை அனுப்பவும் தயங்க மாட்டேன் என்று அதை எதிர்த்து நின்ற குடியரசுத் தலைவர், நியூ ஆர்லியன்ஸ் வீரரான ஜாக்சன்தான்.