இன்றைக்கு ஆண்டவர் எந்த வழியாக வந்தார்? கேள்வி பதில்

அன்றாட வாழ்வில் கடவுளின் ஆச்சரியங்களைக் கண்டுகொள்வது பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். பெரும்பாலும், இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியாரின் ஆன்ம சோதனையை, அதாவது முடிந்த நாளைத் திரும்பிப் பார்க்கும் செபத்தை, ஒட்டியே சொல்வேன். இதற்கு அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

கேள்வி: மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் “ஆச்சரியங்களின் கடவுள்” என்று அடிக்கடி சொல்லி வந்தார். என் நாளோ வேலை, பேருந்து, வீடு என்று ஒரே மாதிரி ஓடுகிறது. எங்கிருந்து ஆரம்பிப்பது, ஐயா?

பதில்: நாள் ஓடிக்கொண்டிருக்கும்போது தேடாதீர்கள். முடிந்தபின் திரும்பிப் பாருங்கள். யாக்கோபு தூங்கி எழுந்த பிறகுதான் “உண்மையாகவே ஆண்டவர் இவ்விடத்தில் இருக்கிறார், நானோ இதை அறியாதிருந்தேன்” என்றார் (தொடக்க நூல் 28:16). உயிர்த்த இயேசுவை அடையாளம் தெரியாமல் அவரோடு எம்மாவுக்கு நடந்த சீடர்களுக்கும், அவர் கண்ணிலிருந்து மறைந்த பிறகே வழியெல்லாம் உள்ளம் பற்றி எரிந்தது உறைத்தது.

இரவில் 10 முதல் 15 நிமிடம் ஒதுக்குங்கள். முதலில் நன்றி, 3 நிமிடம். அடுத்து, முடிந்த நாளை உள்ளபடி பார்க்க வெளிச்சம் தரும்படி தூய ஆவியிடம் சுருக்கமாக ஒரு மன்றாட்டு. மூன்றாவது, காலையில் எழுந்ததிலிருந்து மணிவாரியாக நாளை ஓட்டிப் பார்ப்பது. பாதி நேரம் இதற்கே போகட்டும். பிறகு தவறியதற்கு மன்னிப்பு. கடைசியாக, நாளைக்குச் செய்ய வேண்டிய ஒரே ஒரு காரியத்துக்கு அருள் கேட்டு, “விண்ணகத்தில் இருக்கிற எங்கள் தந்தையே” சொல்லி முடியுங்கள்.

பலருக்கும் கெட்டுப்போகும் இடம் ஒன்று உண்டு. நன்றியைத் தாண்டி நேரே பாவக் கணக்குக்குப் போய்விடுகிறார்கள். அப்படிப் போனால் நாள் முழுக்கக் குற்றப் பத்திரிகையாகவே தெரியும், ஆண்டவர் செய்தது ஒன்றும் கண்ணில் படாது. இஞ்ஞாசியார் நன்றியை முதல் படியாக வைத்ததைத் தயவுசெய்து மாற்றாதீர்கள்.

கேள்வி: நன்றி சொல்ல உட்கார்ந்தால் “நல்ல உடல்நலம், நல்ல குடும்பம்” என்று தினமும் அதையே சொல்கிறேன். வேறொன்றும் நினைவுக்கு வருவதில்லை.

பதில்: பொதுப்படையாகத் தேடுவதால் வருகிற சிக்கல் இது. நேரத்தை விட்டுவிட்டு இடம், ஆள் என்று போய்ப் பாருங்கள். அடுப்படியில் என்ன நடந்தது? பேருந்தில் பக்கத்தில் யார்? கடைசியாகப் போனில் பேசியது யாரிடம்? அப்போதுதான், தண்ணீர்க் குடத்தோடு படியேறும்போது நாலு நாளாகப் பேசாமலிருந்த ஓரகத்தி ஒன்றும் சொல்லாமல் வந்து கதவைத் திறந்துவிட்டது நினைவுக்கு வரும். அதை ஒரு வரியில் எழுதுங்கள்: யார், எங்கே, என்ன செய்தார். “அன்பை உணர்ந்தேன்” என்று மட்டும் எழுதினால் அடுத்த வாரம் படிக்கும்போது ஒன்றும் விளங்காது.

கேள்வி: வேலை மாறலாமா என்று செபித்துக்கொண்டிருந்தேன். அன்று மாலையே பழைய நண்பர் கூப்பிட்டு, தன் கம்பெனியில் இடம் இருக்கிறது என்றார். இது கடவுள் தந்த பதில்தானே?

பதில்: கொடையாக இருக்கலாம், தம்பி. அதற்கு இன்றே நன்றி சொல்லுங்கள். ஆனால் கட்டளையாக எடுத்துக்கொள்ள அவசரப்படாதீர்கள்.

1521இல் ஸ்பெயினின் பம்பலோனாவில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் உடைந்து, லொயோலா கோட்டையில் படுக்கையில் கிடந்தபோது இஞ்ஞாசியார் ஒன்றைக் கவனித்தார். வீரதீரச் செயல்களைக் கற்பனை செய்தால் அந்த நேரத்தில் இனித்தது, பிறகு மனம் வறண்டது. புனிதர்களைப் போல வாழ்வதை நினைத்தாலோ, நினைத்து முடித்த பிறகும் மகிழ்ச்சி தங்கியது. ஆகவே செய்தி கேட்ட நிமிடத்துப் பரவசத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். சில மணி நேரம் கழித்து, பிறகு ஒரு வாரம் தினமும், மனதில் என்ன தங்கியிருக்கிறது என்று குறித்துவையுங்கள்.

இன்னொரு நுணுக்கமும் அவர் சொல்கிறார். கடவுள் தரும் ஆறுதல் ஒன்று. அந்தச் சூடு ஆறுவதற்குள் நாமாகப் போடும் திட்டங்கள் வேறு. நண்பரின் அழைப்பு ஆறுதலாக இருந்திருக்கலாம். “அடுத்த மாதமே ராஜினாமா” என்பது உங்கள் திட்டம். சம்பளம், குடும்பப் பொறுப்பு, அந்த வேலையில் மனச்சான்றுக்கு விரோதமானது உண்டா என்பதையெல்லாம் தனியாக விசாரியுங்கள். ஆன்ம குருவிடமோ பங்குத்தந்தையிடமோ பேசுங்கள். மனம் வறண்டு கிடக்கும் நாளில் மட்டும், முன்பு எடுத்த நல்ல முடிவை மாற்றவே மாற்றாதீர்கள்.

கேள்வி: கண்ணை மூடிக்கொண்டு விவிலியத்தைத் திறந்து, விரல் படும் வசனத்தைக் கடவுளின் பதிலாக எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: எதிர்காலத்தை அறிய அப்படிச் செய்வது குறி பார்ப்பதுதான், அதைத் திருச்சபை ஏற்பதில்லை (கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், எண் 2116). அன்றைய திருப்பலி வாசகத்தை எடுங்கள். அது நீங்கள் தேர்ந்தெடுத்ததல்ல, ஆகவே உங்கள் விருப்பத்துக்கு வளையாது. இருமுறை நிதானமாக வாசித்து, மனம் தட்டி நிற்கும் சொல்லில் நில்லுங்கள். வாசகம் எதிர்பாராத இடத்தில் தொடுவது அப்படித்தான்.

கேள்வி: அம்மா மூன்று வாரமாக ஐசியுவில். “ஆச்சரியத்தைத் தேடு” என்று யாராவது சொன்னால் கோபம்தான் வருகிறது.

பதில்: அந்தக் கோபத்தோடேயே செபியுங்கள், அம்மா. அதற்கு உங்களுக்கு உரிமை உண்டு. நோய்க்கு நன்றி சொல்லும்படி யாரும் உங்களைக் கட்டாயப்படுத்தக் கூடாது. திருப்பாடல் 88 ஆறுதலே இல்லாமல் இருளில் முடிகிறது, அதுவும் திருச்சபையின் செபம்தான். இப்போதைக்கு ஐந்து படிகளும் வேண்டாம். அந்தத் திருப்பாடலை வாசித்து, “ஆண்டவரே, இன்று அம்மாவோடு இரும்” என்று மட்டும் சொல்லுங்கள். இரவுப் பணி நர்ஸ் அம்மாவின் உதட்டைப் பஞ்சால் நனைத்தது போல ஏதாவது தானாக நினைவுக்கு வந்தால் வரட்டும். வராவிட்டால் உங்கள் செபத்தில் குறை எதுவும் இல்லை.

கேள்வி: இதுவே பாவசங்கீர்த்தனத்துக்கான (குருவிடம் பாவங்களை அறிக்கையிடுவதற்கான) தயாரிப்பு ஆகிவிடுமா?

பதில்: ஆகாது, ஆனால் உதவும். பாவசங்கீர்த்தனத்துக்குக் கட்டளைகளை வைத்துத் தனியாக ஆராய வேண்டும். ஒரே தவறை இரவெல்லாம் கிளறி நிம்மதி இழப்பவர்கள் நான்காம் படியை ஒரு நிமிடத்தோடு நிறுத்திவிட்டு, எப்போதும் ஒரே குருவிடம் வழி கேட்பது நல்லது.

கேள்வி: படுத்ததும் தூங்கிவிடுகிறேன். பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ள ஆசை.

பதில்: படுக்கையில் செய்யாதீர்கள், சாப்பாட்டுக்கு முன்பே உட்காருங்கள். இயேசு சபையில் மதியமும் ஒருமுறை செய்வார்கள், மதிய இடைவேளை கிடைப்பவர்களுக்கு அதுவே வசதி. பிள்ளைகளுக்கு, குடும்ப செபமாலை முடிந்ததும் ஒரே கேள்வி போதும்: “இன்றைக்கு நீ எதிர்பார்க்காத நல்லதை யார் செய்தார்கள்?” பெரியவர்கள் முதலில் சொல்லுங்கள். பிள்ளை “டீச்சர் வரவில்லை” என்று சொன்னால் திருத்தாதீர்கள், சிரித்துக் கேட்டுக்கொள்ளுங்கள். திருத்தினால் அடுத்த நாளிலிருந்து உங்களுக்குப் பிடித்த பதிலைத்தான் சொல்லும்.